ஆய்வு முதுகலை (கலை, சமூக அறிவியல்): தலைப்பு, கைடு, களவேலை, ஆய்வேடு – எங்கெங்கே சிக்கும்?

புதுநுழைவு:
வணக்கம். வகுப்பு குறைவாகவும் ஆய்வேடு பெரிதாகவும் இருக்கிற முதுகலை பற்றிக் கேட்கிறேன். தலைப்பாக நினைத்திருப்பது ‘புலம்பெயர் குடும்பங்களில் தாய்மொழி’. ஓராண்டில் முடிக்கிற அளவுக்கு இதை எப்படிச் சுருக்குவது? கைடுக்கு (ஆய்வு நெறியாளருக்கு) என்ன எழுதி அனுப்புவது? எத்தனை பேரை நேர்காண வேண்டும்? படிப்பின் பெயர்களிலேயே குழப்பமாக இருக்கிறது, அதையும் யாராவது தெளிவாக்குங்கள்.

அடிக்குறிப்பு:
பெயரிலிருந்து தொடங்குவோம். பட்டத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பித்தால் ஏமாற்றம்தான்.

பிரிட்டனில் ‘எம்.ஏ. பை ரிசர்ச்’ என்றால் பெரும்பாலும் ஒரே ஆய்வேடு, முழுநேரமாக ஓராண்டு, வகுப்பு இல்லை அல்லது பேருக்கு. ‘எம்.ரெஸ்.’ என்றால் ஆய்வுமுறை வகுப்புகளும் ஆய்வேடும் சேர்ந்தது. ‘எம்.ஃபில்.’ இருக்கிறதே, அதுதான் ஆளைச் சுற்றவிடும். கேம்பிரிட்ஜில் அநேக எம்.ஃபில்.கள் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் அதே பெயருக்கு இரண்டு ஆண்டு, வகுப்பும் உண்டு. ஆஸ்திரேலியத் தகுதிச் சட்டகத்தின்படி ஆய்வு முதுகலையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஆய்வாகவோ ஆய்வுப் பயிற்சியாகவோ இருக்க வேண்டும். நெதர்லாந்தில் ‘ரிசர்ச் மாஸ்டர்’ என்பது 2 ஆண்டு, 120 இ.சி.டி.எஸ். (ஐரோப்பியப் படிப்பளவுக் கணக்கு) கிரெடிட். இந்தியாவில் எம்.ஃபில். இனி இல்லை; பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளோடு அது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு வாங்கியவர்களின் பட்டம் செல்லும்.

எனவே பெயரை விடுங்கள். பாடத்திட்டப் பக்கத்தில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: மொத்தக் கிரெடிட்டில் ஆய்வேட்டுக்கு எத்தனை, ஆய்வேட்டின் சொல் வரம்பு என்ன, வைவா (வாய்மொழித் தேர்வு) உண்டா இல்லையா. முதல் எண்தான் முக்கியம். ஐரோப்பியக் கணக்கில் 60 கிரெடிட் என்பது ஓராண்டு, அதாவது 1500 முதல் 1800 மணி நேரம். ஆய்வேட்டுக்கு 30 கிரெடிட் என்று போட்டிருந்தால் உங்கள் கையில் இருப்பது 750 முதல் 900 மணி நேரம்தான். தலைப்பை அந்தச் சட்டிக்கு அளந்து வெட்டுங்கள்.

நேர்காணி:
தலைப்பு சுருக்குறதுக்கு நான் வரேன்.

‘புலம்பெயர் குடும்பங்களில் தாய்மொழி’ ஒரு கேள்வி இல்ல. அது நூலகத்துல ஒரு அலமாரிக்கு ஒட்டுற பெயர். ‘மொழி இழப்பை எப்படித் தடுக்கலாம்?’னு மாத்தினாலும் சரிவராது, அது கொள்கைக் கேள்வி. உங்க தரவு எதுவும் அதுக்கு நேரா பதில் சொல்லாது.

இதைப் பாருங்க: ‘வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி, பிறகு நிறுத்திய பெற்றோர் அந்த முடிவை எப்படி விளக்குகிறார்கள்?’ இப்ப யாரைத் தேடணும்னு தெரியுது. யாரைத் தேட வேண்டாம்னும் தெரியுது: இன்னும் அனுப்பிக்கிட்டிருக்கிறவங்க, அனுப்பவே இல்லாதவங்க, ஆசிரியர்கள், பிள்ளைகள் எல்லாரும் வெளியே.

கேள்வியில ‘ஏன் நிறுத்தினார்கள்’னு போடாம ‘எப்படி விளக்குகிறார்கள்’னு போட்டதைக் கவனிங்க. பெற்றோர்கிட்ட ஒரு மணி நேரம் பேசினா கிடைக்கிறது அவங்க தர்ற விளக்கம். உண்மைக் காரணம் தூரமா இருக்கலாம், நேரம் இல்லாம போயிருக்கலாம், பள்ளியில யாரோடயாவது மனக்கசப்பு இருந்திருக்கலாம். அதை அவங்க சொல்லாமலே விடலாம். நேர்காணலை வச்சுக்கிட்டு ‘ஏன்’னு கேள்வி போட்டா, தேர்வாளர் முதல் பக்கத்துலயே பிடிப்பார்.

எண்கணக்கர்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து பேரின் விளக்கத்தைச் சேகரித்து என்ன நிறுவ முடியும்? ஒரு வினாப்பட்டியல் தயாரித்து 384 பேரிடம் வாங்கினால் காரணங்களுக்குள் எது வலுவானது என்றாவது தெரியுமே.

நேர்காணி:
384 எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்களேன்.

எண்கணக்கர்:
சரி, அது நியாயமான கேள்வி. கிரெய்சி, மோர்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையில் வருவது. மக்கள்தொகை பத்து லட்சம் என்றால் மாதிரி 384. ஆனால் அந்த எண் எழுமாற்று மாதிரிக்கு, அதாவது ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு தெரிந்திருக்கிற மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் தள்ளிவிட்டு 384 பதில் வந்ததும் ‘போதுமான மாதிரி’ என்று எழுதுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படி வருவது, குழுவில் இருப்பவர்களில் படிவம் நிரப்பப் பொறுமை உள்ளவர்களின் பட்டியல். நாலாயிரம் பேர் நிரப்பினாலும் அது சரியாகாது.

புதுநுழைவு அவர்களே, உங்கள் கேள்விக்கு ஆட்களின் முழுப் பட்டியல் எங்கும் கிடைக்காது. ஆகவே கணக்கெடுப்பு வேண்டாம் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு யாராவது வினாப்பட்டியல் போடுவதாக இருந்தால் இரண்டு குறிப்பு. முதலில் 5 முதல் 10 பேரிடம் முன்சோதனை செய்யுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் என்னவாகப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தது, ‘ஆசிரியரும் பெற்றோரும் உங்களை ஊக்குவிக்கிறார்களா?’ போன்ற இரட்டைக் கேள்வி வேண்டாம். ஆசிரியர் ஊக்குவிக்கிறார், அப்பா திட்டுகிறார் என்றால் அந்தப் பிள்ளை எந்தக் கட்டத்தில் டிக் போடும்?

புதுநுழைவு:
அப்படியானால் நேர்காணல்தான். ‘12 பேர் போதும்’ என்று பல இடங்களில் படித்தேன். அந்த எண்ணை நம்பலாமா?

நேர்காணி:
அந்த 12-க்கும் 384 மாதிரியே ஒரு கதை இருக்கு. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூணு பேரும் 2006-ல வெளியிட்ட கட்டுரை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ரெண்டுல 60 பெண்கள்கிட்ட எடுத்த நேர்காணல்களை வச்சு, முதல் பன்னிரண்டுக்குள்ளயே அநேகமா எல்லாக் குறியீடுகளும் (பேச்சுல வர்ற கருத்துகளுக்கு ஆய்வாளர் ஒட்டுற சிறு பெயர்கள்) வந்துடுச்சுன்னு காட்டினாங்க. ஆனா அது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்கள், ஒரே மாதிரியான கேள்விகள். உங்க தகவலாளிகள்ல பாதி சமீபத்துல வந்தவங்க, பாதி முப்பது வருசமா இருக்கிறவங்கன்னா அது ஒரு குழுவே இல்ல, ரெண்டு குழு. 12 அங்க செல்லாது.

மணிக்கணக்கு போட்டுப் பாருங்க. 15 பேர், தலைக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா, பின்னால மிக்சி ஓடினா இன்னும் மேல. ஆறுன்னே வைங்க, 90 மணி. குறியிட தலைக்கு 3 மணி, 45. ஆள் பிடிக்க, போய்வர, உட்கார்ந்து பேச, ஒத்திவச்சு மறுபடி போக இன்னொரு 45. மொத்தம் 180 மணி நேரம். வாரத்துக்கு 40 மணின்னா நாலரை வாரம், அதுவும் வேற எந்த வேலையும் இல்லாம. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவங்கதான் ‘30 பேர்’னு சினாப்சிஸ்ல (ஆய்வுத் திட்டச் சுருக்கத்துல) எழுதிட்டு, எழுத்தாக்காத ஒலிப்பதிவோட ஆறாவது மாசத்துல நிப்பாங்க.

தானியங்கி எழுத்தாக்கம் பத்திக் கேப்பீங்க. முதல் வரைவுக்கு உதவும். ஆனா வட்டார வழக்கை அது ஏட்டுத் தமிழாத் திருத்திடும், யாரும் பேசாத இடத்துல தானா ஒரு வாக்கியத்தைச் செருகினாலும் செருகும். ஒலியோட ஒப்பிடாம அதை மேற்கோளா எடுக்கவே கூடாது. இணையச் சேவையில ஏத்துறதா இருந்தா ஒப்புதல் படிவத்துல அதைச் சொல்லியிருக்கணும்.

களத்துமேடு:
ஒப்புதல் படிவம் என்றதும் நினைவுக்கு வருகிறது: நெறிமுறைக் குழு அனுமதி. மனிதர்களிடம் தரவு எடுப்பதற்கு முன்பு அனுமதி கையில் இருக்க வேண்டும். விண்ணப்பித்து, திருத்தம் கேட்டு, மறுபடி கொடுத்து, பதில் வர நான்கிலிருந்து எட்டு வாரம் வரை ஒதுக்குங்கள். அனுமதிக்கு முன்பே எடுத்த நேர்காணலைப் பல இடங்களில் பயன்படுத்தவே விடமாட்டார்கள். சேர்ந்த இரண்டாவது மாதத்திலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

திருப்பி அனுப்பப்படுவது அநேகமாக இரண்டு இடத்தில். ‘நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்ற வரி முதலாவது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு ஒருவர் விலகினால் என்ன செய்வீர்கள்? ‘நேர்காணல் முடிந்து நான்கு வாரத்துக்குள் தெரிவித்தால் உங்கள் பதிவை நீக்கிவிடுவேன்’ என்று காலக்கெடுவோடு எழுதுங்கள். மற்றது ‘பெயரை மாற்றிவிடுவேன்’ என்பது. பெயரை மாற்றிவிட்டு, ‘அந்தப் பள்ளியின் முன்னாள் செயலாளர், இரட்டைப் பிள்ளைகளின் தாய்’ என்று எழுதினால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் ஆள் யார் என்று தெரியும். தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, வந்த ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லை. மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் முகவரியே கொடுத்த மாதிரி.

ஒலிப்பதிவு ஒரு கோப்புறை, பெயர்–குறியெண் பட்டியல் வேறொரு கோப்புறை, இரண்டும் கடவுச்சொல்லோடு. ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

புதுநுழைவு:
நேர்காணலில் ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று நேரடியாகக் கேட்கலாமா?

நேர்காணி:
கேட்டா பெற்றோர் குற்றவாளிக் கூண்டுல ஏறி நிப்பாங்க. நியாயப்படுத்துற பேச்சுதான் வரும். ‘நிறுத்துறதுக்கு முந்தின வாரம், பள்ளி நாள் காலையில வீட்டுல எப்படிப் போச்சு? எழுந்ததுலேருந்து சொல்லுங்க’ன்னு கேளுங்க. யார் எழுப்பினாங்க, யார் கார் சாவியை எடுத்தாங்க, எங்க சண்டை வந்துச்சு எல்லாம் வெளியே வரும்.

குறியிடும்போதும் இதே கவனம் வேணும். ஒரு மாதிரி வரி எழுதுறேன்: ‘அவனே வேண்டாம்னுட்டான், நாங்க கட்டாயப்படுத்தல.’ அவசரத்துல ‘பிள்ளையின் விருப்பம்’னு குறி போடத் தோணும். அது பேச்சோட தலைப்பு மட்டும். அந்த வாக்கியம் என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க: முடிவைப் பிள்ளை தலையில வச்சுட்டு, தங்களை வற்புறுத்தாத பெற்றோரா காட்டுது. ‘முடிவைப் பிள்ளைமேல் வைத்தல்’, ‘கட்டாயப்படுத்தாத பெற்றோர் என்ற தோற்றம்’னு ரெண்டு குறி போட்டா, பதினஞ்சு நேர்காணல்லயும் அதைத் தேடி ஒப்பிடலாம். முதல் வகைக் குறியை வச்சு எழுதின இயல் வெறும் அட்டவணையா முடியும். ரெண்டாவது வகையில வாதம் பிறக்கும்.

கருப்பொருள் பகுப்பாய்வுன்னு (குறிகளைச் சேர்த்துப் பொதுக் கருத்துகளைக் கண்டெடுக்கிற முறை) எழுதுறவங்க பிரான், கிளார்க் ரெண்டு பேரோட 2006 கட்டுரையைக் காட்டி ஆறு கட்டத்தையும் அப்படியே ஒப்பிச்சுடுறாங்க. தேர்வாளருக்கு அந்த ஆறும் தெரியும். உங்க தரவுல எந்தக் குறி எந்தக் குறியோட சேர்ந்துச்சு, எது கைவிடப்பட்டுச்சு, ஏன்னு ஒரு பக்கம் எழுதுங்க. அது போதும்.

அடிக்குறிப்பு:
எல்லாரும் நேர்காணலையே பேசுகிறீர்கள். ஆவணக் காப்பகத்தை நம்பி வருபவர்களுக்கும் நாலு வரி. கைபேசியில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டு வந்து, எந்தப் படம் எந்தக் கட்டு என்று தெரியாமல் விழிப்பதுதான் இங்கே பெரிய விபத்து. ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் முதல் படம் அதன் மேலட்டைச் சீட்டாக இருக்கட்டும். தொடர் எண், பெட்டி எண், கோப்பு எண் தெரிய வேண்டும். அன்று மாலையே படங்களை அந்த எண் உள்ள கோப்புறைக்கு மாற்றுங்கள். அடிக்குறிப்புக்குத் தேவை தாள் எண். படத்தின் ஓரத்தில் அது வெட்டுப்பட்டால் மறுபடி போக வேண்டியதுதான்.

சினாப்சிஸ் அனுப்புமுன்பே காப்பகத்தின் அட்டவணையைப் பார்த்து, அந்தக் கோப்புகள் இருக்கின்றனவா, பார்க்க விடுகிறார்களா என்று எழுதிக் கேளுங்கள். அட்டவணையில் இருக்கும், அலமாரியில் இருக்காது.

களத்துமேடு:
கைடுக்கு எழுதும் அஞ்சல் பற்றி யாரும் சொல்லவில்லை. 150 சொல்லுக்குள் அடங்கட்டும். ‘தங்கள் ஆய்வுகளைப் பெரிதும் மதிக்கிறேன்’ என்ற தொடக்கத்தைத் தூக்கிவிடுங்கள். பத்துப் பேருக்கு ஒரே அஞ்சல் போயிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். முதல் வரியில் உங்கள் கேள்வி. அடுத்து, தரவு எங்கிருந்து வரும் என்பது. பிறகு அவருடைய ஒரு குறிப்பிட்ட கட்டுரையோடு உங்கள் கேள்வி எங்கே தொடுகிறது அல்லது எங்கே முரண்படுகிறது என்று இரண்டு வரி. கடைசியில், ‘வரும் பருவத்தில் மாணவரை எடுக்கிறீர்களா?’ ஒரு பக்கச் சுருக்கம் இணைப்பாக. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல் போடலாம். அதற்குமேல் வேண்டாம், அடுத்தவரைப் பாருங்கள்.

பெரிய பெயரைவிட, வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுகிற கைடு மேல். ஓராண்டுப் படிப்பில் அவர் நான்கு மாதம் ஆய்வு விடுப்பில் போனால் மூன்றில் ஒரு பங்கு ஆண்டு போயிற்று. விடுப்பு, ஓய்வு, இப்போது எத்தனை மாணவர்கள் என்பதைச் சேருமுன் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. அவரிடம் முன்பு படித்த ஓரிருவரிடம் ‘இயலைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும்?’ என்று விசாரித்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு, ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் பேசியதை ஐந்து வரியில் அஞ்சலாக அனுப்பிவிடுங்கள். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்ற பேச்சு பிறகு எழாது.

மெய்ப்பு:
தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களுக்குத் தொழில்நுட்பப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டாதீர்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பிறர் எழுத்தை நகலெடுத்திருக்கிறதா என்று ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கு அது வெறும் கிறுக்கல், தேடல் வேலை செய்யாது, அகர வரிசையும் வராது. ஒருங்குறியிலேயே (யூனிகோட்) முதல் நாளிலிருந்து. பழைய நூலின் படக்கோப்பை எழுத்துணரியில் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) போட்டு எடுத்த மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடாமல் விடாதீர்கள். காலும் ரகரமும், ளகரமும் னகரமும் அங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

துணைநூற்பட்டியல் போட உதவும் ஜொடீரோ மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் பெரிய தொல்லை. அது குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. நூலகத் தரவிலிருந்து இழுத்தால் கார்த்திகேசு சிவத்தம்பி சில பதிவில் ‘சிவத்தம்பி, கா.’ என்றும் சிலவற்றில் ‘கார்த்திகேசு, சி.’ என்றும் வருவார். துணைநூற்பட்டியலில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பார். ஒவ்வொரு பதிவையும் சேர்த்த அன்றே சரிசெய்யுங்கள். கடைசி வாரத்தில் 180 பதிவைத் திருத்த முடியாது.

சொல் வரம்பு பற்றி ஒன்று. ஆங்கில ஆய்வேட்டை மனத்தில் வைத்துப் போட்ட 30,000 சொல் என்ற வரம்பு தமிழுக்கு மிக அதிகம். ‘அனுப்பாதவர்களிடமிருந்தும்’ என்பது நமக்கு ஒரே சொல். துறையில் பக்க வரம்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

எண்கணக்கர்:
ஒப்புமை மென்பொருள் என்றதால்: அறிக்கையில் வரும் விழுக்காட்டைக் குறைக்கச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுவது வீண் வேலை. துணைநூற்பட்டியலையும் மேற்கோள்களையும் நீக்கிவிட்டு, எந்தப் பத்தி எந்த மூலத்தோடு தொடர்ச்சியாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். 8 விழுக்காடு முழுக்க ஒரே கட்டுரையிலிருந்து வந்திருந்தால் அது, ஐம்பது இடத்திலிருந்து ஒட்டிய 15 விழுக்காட்டைவிட மோசம்.

அடிக்குறிப்பு:
முன்னாய்வுகள் இயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘இவர் இப்படிக் கூறுகிறார், அவர் அப்படிக் கூறுகிறார்’ என்று பத்திக்கு ஒரு நூலாக அடுக்கினால் அது நூல் விவரப்பட்டியல். பத்தியின் முதல் வாக்கியத்தில் ஆசிரியர் பெயர் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்து எழுதிப் பாருங்கள். ‘வார இறுதிப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள் தொடர்ந்து வருபவர்களையே பார்க்கின்றன’ என்று தொடங்க வேண்டிவரும். யார் யார் அப்படிப் பார்த்தார்கள் என்பது பிறகு தானாக வரும். இப்படி ஒரு வாக்கியத்தை எழுதும் முன்பு அது உண்மைதானா என்று தேடிப் பார்த்துவிட வேண்டும், ‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்பது தேர்வாளர் ஒரே தேடலில் உடைக்கக்கூடிய வாக்கியம்.

எழுதும் வரிசை: ஆய்வுமுறை இயல் முதலில், களவேலை நினைவில் இருக்கும்போதே. பிறகு பகுப்பாய்வு. முன்னுரை கடைசி. தேர்வாளர்கள் பலர் சுருக்கம், முன்னுரை, முடிவுரை, துணைநூற்பட்டியல் என்ற வரிசையில்தான் புரட்டுவார்கள். முன்னுரையில் கேட்ட கேள்விக்கு முடிவுரை பதில் சொல்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். சேர்ந்த புதிதில் எழுதிய முன்னுரையை மாற்றாமல் விட்டால் இரண்டும் வெவ்வேறு ஆய்வு மாதிரி இருக்கும்.

திருத்தம் சொன்னால் மூன்று கலத்தில் ஓர் அட்டவணை போட்டுக் கொடுங்கள்: தேர்வாளர் சொன்னது, நீங்கள் செய்தது, பக்க எண். ஏற்காத திருத்தத்துக்கும் அதே அட்டவணையில் காரணம் எழுதலாம்.

புதுநுழைவு:
எல்லாருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்திய பெற்றோர் அந்த முடிவை விளக்கும் விதம்.’ 14 நேர்காணல், அனைவரும் புலம்பெயர்ந்த முதல் தலைமுறையினர். நெறிமுறை விண்ணப்பம் இரண்டாம் மாதம், களவேலை நான்கிலிருந்து ஆறு, எழுத்து ஏழிலிருந்து பதினொன்று, பன்னிரண்டாம் மாதம் காலியாக.

களத்துமேடு:
பன்னிரண்டாம் மாதத்தைக் காலியாக விட்டது நல்லது, அது எப்படியும் நிரம்பிவிடும். 14 பேர் வேண்டும் என்றால் இருபது பேரையாவது அணுக வேண்டிவரும். எல்லாரையும் ஒரே பள்ளியின் நிர்வாகி வழியாகப் பிடிக்காதீர்கள், அவரோடு சண்டை போட்டுப் போனவர்கள் யாரும் வரமாட்டார்கள்.

நேர்காணி:
‘நிறுத்திய’ங்கிற சொல்லுக்கு வரையறை இன்னும் இல்ல. ஒரு பருவம் போகாம மறுபடி சேர்ந்தவங்க உள்ளேயா வெளியேயா? மூத்த பிள்ளையை நிறுத்திட்டு இளையதை அனுப்புறவங்க? பள்ளியை விட்டுட்டு இணைய வகுப்புக்கு மாறினவங்க? மூணுக்கும் ஆம், இல்லைன்னு எழுதி, காரணத்தையும் ஒரு வரி போட்டு இங்க ஒட்டுங்க. அது முடிவாகாம ஆள் தேடக் கிளம்பாதீங்க.